மங்காத்தாவில் முதல் சீட்டு எந்தப் பக்கம்? கேசினோவின் 90 ரூபாய்க் கணக்கு

வலைக்கூடம் (காசிமேடு), இரவு 9.12

தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. காலையில் இஞ்சின் வேலை, பெயின்ட் வேலை, வலை பழுது பார்ப்பது. மூன்று மணிக்கு வெயில் தாளாமல் எல்லோரும் வலைக்கூடத்தில் ஒதுங்கினால் சீட்டுக்கட்டு வந்துவிடும். எங்கள் பெரியப்பா இருக்கும் இடத்தில் காசு வைக்கக் கூடாது. புளியங்கொட்டைதான். அந்தப் புளியங்கொட்டைக்கே தினமும் ஒரு சண்டை.

ஆடுவது மங்காத்தா. தெருவுக்குத் தெரு முறை மாறுகிறது என்பதால் எங்கள் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடுகிறவர் ஒரு சீட்டைச் சொல்வார், ஏழு என்றோ ராணி என்றோ. இஸ்பேட் ஏழு வந்தாலும் ஆட்டின் ஏழு வந்தாலும் ஒன்றுதான். உள்ளேயா வெளியேயா என்று சொல்லிக் கொட்டையை வைப்பார். கட்டு போடுகிறவர் கலைத்து, எதிராளியை வெட்டச் சொல்லி, முதல் சீட்டை உள்ளே போடுவார். அடுத்தது வெளியே, அப்புறம் உள்ளே, இப்படியே போகும். சொன்ன சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயித்தது. பத்து வைத்தால் பத்து கிடைக்கும்.

போன வாரம் சித்தப்பா பையன் கோவா போய்விட்டு வந்தான். அங்கே மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில் இதே ஆட்டத்தை அந்தர் பாஹர் என்று ஆடுகிறார்களாம். அவன் பார்த்த மேஜையில் உள்ளே 100 வைத்து ஜெயித்தால் 90தான் தருகிறார்கள். வெளியே வைத்து ஜெயித்தால் முழு 100. இதைக் கேட்டதும் பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ரெண்டு பக்கமும் ஒண்ணுதானடா, ஒரு பக்கம் மட்டும் இன்னாத்துக்குப் பத்து ரூபா உருவுறான்?” என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்மண்டபத்தான் (ராயபுரம்), இரவு 9.30

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கப்பலுக்கு வாடகை, ஆளுக்குச் சம்பளம், விளக்கு, சாப்பாடு எல்லாம் எங்கிருந்து வரும்? அந்தப் பத்து ரூபாய்தான் அவர்களுடைய பங்கு. இரண்டு பக்கமும் பிடித்தால் ஆள் வரமாட்டான் என்று ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறார்கள். அதனால் கோவா போகிறவர்கள் வெளியே பக்கமே வையுங்கள். முழுப் பணம் கிடைக்கும்.

கப்பல் டீலர் (திருவொற்றியூர்), இரவு 10.05

நண்பரே, அப்படி வைத்தால் இன்னும் சீக்கிரம் பணம் போகும். நான்கு வருடம் அந்த மேஜைக்குப் பின்னால் நின்று சீட்டுப் போட்டவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் கேசினோ முறை. 52 சீட்டுக் கட்டு ஒன்று, ஜோக்கர் சீட்டுகள் இருக்காது. கலைத்து, வெட்டி, டீலர் மேலிருந்து ஒரு சீட்டைத் திறந்து நடுவில் வைப்பார். அந்தச் சீட்டுக்கு மேஜையில் ஜோக்கர் என்று பெயர். ரம்மி ஜோக்கரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது இலக்குச் சீட்டு, அவ்வளவுதான். ஒன்பது திறந்தால் மீதி மூன்று ஒன்பதில் முதலில் வருவது எந்தப் பக்கம் என்பதே ஆட்டம். அதற்குப் பிறகு சிப் வைக்க நேரம் தருவோம். டீலர் மேஜை மேல் கையை வீசி நிறுத்தினால் அதற்கு மேல் யாரும் சிப்பைத் தொடக் கூடாது. அப்புறம் ஒரு பக்கம், மறுபக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுவோம். நாங்கள் எழுந்து போகும்போது இரண்டு கையையும் தட்டி, விரித்து, திருப்பி, மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளங்கையில் எதுவும் ஒட்டிக்கொண்டு போகவில்லை என்பதற்கு அது. இன்றைக்கும் வீட்டில் சாப்பிட்டு எழும்போது சில நேரம் அப்படிக் கை தட்டிவிடுகிறேன்.

ஆக, தம்பி சொன்ன முறைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. உங்கள் ஆட்டத்தில் ஆடுகிறவர் வாயால் சொல்கிறார். கேசினோவில் கட்டிலிருந்து ஒன்றைத் திறந்துவிடுகிறோம்.

90 ஏன் என்றால், முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். பயிற்சியில் 51.5 சதவீதம் என்று சொல்லித் தந்தார்கள். எப்படி வந்தது என்று எனக்கு விளக்கத் தெரியாது.

கணக்கு டீச்சர் (தண்டையார்பேட்டை), இரவு 10.48

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், இதைப் பார்த்ததும் ஓரமாக வைத்துவிட்டேன். இந்த 51.5 சரியான எண். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு போதும். அதுவும் வேண்டாம், கூட்டல் கழித்தலிலேயே காட்டுகிறேன்.

ஒன்பது திறந்தாகிவிட்டது. கையில் 51 சீட்டு, அதில் ஒன்பது மூன்று. முதல் சீட்டு உள்ளே விழுகிறது. அது ஒன்பதாக இருக்க 51க்கு 3, அதாவது 17க்கு 1. ஆயிரம் ஆட்டம் ஆடினால் ஏறக்குறைய 59 ஆட்டம் முதல் சீட்டிலேயே உள்ளே பக்கம் முடிந்துவிடும். அந்த 59 ஆட்டத்தில் வெளியே பக்கத்துக்கு ஒரு சீட்டுகூட விழவில்லை என்பதைக் கவனியுங்கள். வாய் திறக்கும் முன்னே பந்தி முடிந்த மாதிரி.

மீதி 941 ஆட்டத்தில்தான் வெளியே பக்கம் முதல் சீட்டைப் பார்க்கிறது. இப்போது 50க்கு 3. வாய்ப்பு விகிதம் ஒரு துளி கூடியிருக்கிறது. ஆனால் ஆட்டங்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டதே, அதனால் ஏறக்குறைய 56தான் வரும். மூன்றாவது சீட்டில் உள்ளே 54. நான்காவதில் வெளியே 52. இப்படி ஜோடி ஜோடியாகப் பார்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு ஜோடியிலும் உள்ளே பக்கம் முந்தும், தொடக்கத்தில் இரண்டு மூன்று ஆட்டம், போகப்போக அதைவிடக் குறைவு. கடைசிவரை கூட்டினால் உள்ளே 515, வெளியே 485.

இனி பணத்தைப் பாருங்கள். ஆயிரம் ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கு 100 ரூபாய் வைக்கிறீர்கள். உள்ளேயே வைத்தால் 515 ஆட்டத்தில் 90 வீதம் 46,350 வரும். 485 ஆட்டத்தில் 48,500 போகும். நட்டம் 2,150. வெளியேயே வைத்தால் வருவது 48,500, போவது 51,500. நட்டம் 3,000.

ராயபுரம் நண்பர் முழுப் பணம் கிடைக்கும் என்று சொன்ன பக்கம்தான் அதிகம் தின்கிறது. 90 தரும் பக்கத்தில் நூற்றுக்கு 2 ரூபாய் 15 காசு போகிறது, 100 தரும் பக்கத்தில் 3 ரூபாய். இரண்டு பக்கமும் முழு நூறு கொடுத்தால் உள்ளே வைக்கிறவர் ஆயிரம் ஆட்டத்தில் 3,000 ரூபாய் மேலே இருப்பார், கப்பல்தான் நட்டப்படும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பத்து ரூபாய்.

இன்னொன்று, இந்த ஆட்டம் சராசரியாக 13 சீட்டில் முடியும். சிலர் நினைப்பதுபோல் பாதிக் கட்டு வரை போவதில்லை.

கல்மண்டபத்தான், இரவு 11.02

டீச்சர், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான்கு வரிக் கணக்கில் புரிந்துவிட்டது. போன வருடம் கோவாவில் மூன்று மணி நேரமும் வெளியேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

வலைக்கூடம், காலை 7.20

காலையில் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். 59க்கு 56 என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, இரண்டு முறை கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்ட மாதிரி முகம்.

ஆனால் சித்தப்பா பையன் இப்போது ஒரு புதுக் குழப்பத்தைக் கொண்டுவந்திருக்கிறான். நன்றாக யோசித்துப் பார்த்தானாம். சில ஆட்டத்தில் உள்ளே ஜெயித்தபோதும் முழு 100 கொடுத்தார்களாம், வெளியே ஜெயித்தபோது 90 கொடுத்தார்களாம். அவன் நான்கு பியர் குடித்திருந்தான் என்பதால் யாரும் நம்பவில்லை. அண்ணா, அப்படி உண்டா?

கப்பல் டீலர், காலை 8.05

உண்டு. பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான், பாவம்.

எல்லா மேஜையிலும் முதல் சீட்டு உள்ளேயே விழாது. சில மேஜைகளில் நடுவில் திறந்த சீட்டின் நிறம் அதை முடிவு செய்யும். இஸ்பேடோ கிளாவரோ திறந்தால் முதல் சீட்டு உள்ளே. ஆட்டினோ டைமனோ திறந்தால் முதல் சீட்டு வெளியே. எந்தப் பக்கம் முதலில் தொடங்குகிறதோ அந்தப் பக்கத்துக்கு 90. அவன் சிவப்பு திறந்த ஆட்டங்களைப் பார்த்திருப்பான்.

அதனால் 90 என்பது உள்ளே என்ற பெயருக்கு ஒட்டிய விலை இல்லை. முதல் சீட்டுக்கு ஒட்டிய விலை. மேஜையில் உட்காரும் முன்னால் கேட்க வேண்டியது இந்த ஒரே கேள்விதான்: முதல் சீட்டு எங்கே, அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு?

இன்னொரு முறையும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் முதல் பக்கத்துக்கும் முழுப் பணம். ஆனால் முதல் சீட்டிலேயே பொருந்திவிட்டால் கால் பங்குதான், 100க்கு 25. வாடிக்கையாளருக்கு இது பெரிய அநியாயமாகத் தெரியும். முதல் சீட்டிலேயே ஜெயித்துக் குதித்து எழுந்தவர் கையில் 25 ரூபாய் சிப்பைத் தள்ளும்போது அவர் முகம் போகும் போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. டீச்சர், இதற்கு எவ்வளவு வரும்?

கணக்கு டீச்சர், காலை 8.40

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். முழு நூறு கொடுத்தால் முதல் பக்கம் வைப்பவருக்கு நூற்றுக்கு 3 ரூபாய் லாபம். முதல் சீட்டில் முடியும் ஆட்டம் 17க்கு 1, அங்கே 75 ரூபாய் குறைகிறது. 75ஐ 17ஆல் வகுத்தால் 4 ரூபாய் 41 காசு. லாபம் 3, வெட்டு 4.41. நட்டம் 1 ரூபாய் 41 காசு. பார்ப்பதற்கு அநியாயமாக இருக்கும் விதிதான் 90 ரூபாய் விதியைவிட ஆடுகிறவருக்கு மலிவு.

வியாசர்பாடிப் பெரியவர், காலை 11.15

நாற்பது வருடமாக மங்காத்தா பார்க்கிறேன். பின்னி மில் ஓடிய காலத்தில் சம்பள நாள் சாயங்காலம் பெரம்பூர் பக்கம் எத்தனையோ மரத்தடியில் இது நடந்தது. கணக்கெல்லாம் சரி, மறுக்கவில்லை. ஆனால் அனுபவம் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே ஐந்து முறை தொடர்ந்து விழுந்தால் ஆறாவது வெளியே திரும்பும். அதைப் பிடித்து ஆடினவர்களைப் பார்த்திருக்கிறேன். இழந்தால் அடுத்த ஆட்டம் இரட்டிப்பு வைப்பார்கள். ஒரு முறை ஜெயித்தால் போனது எல்லாம் திரும்பிவிடும்.

கப்பல் டீலர், பகல் 1.30

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் இந்த நம்பிக்கையை வைத்துத்தான் மேஜைக்கு மேல் திரை மாட்டி, முந்தைய ஆட்டங்களில் உள்ளே எத்தனை வெளியே எத்தனை என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். அது ஆடுகிறவருக்கு உதவும் என்றால் எந்த முதலாளி செலவு செய்து மாட்டுவார்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டு முழுதாகக் கலைக்கப்படுகிறது. போன ஆட்டம் சீட்டுக்குத் தெரியாது.

இரட்டிப்பு வைத்தவர்களை வாரம் ஒருவராவது பார்த்தேன். 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு முறை தோற்றால் 12,700 போயிருக்கும், எட்டாவதுக்கு 12,800 வேண்டும். அதற்குள் மேஜையின் உச்சவரம்பு வந்து நிற்கும்.

கணக்கு டீச்சர், மாலை 5.10

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரட்டிப்பு வைத்தால் ஒரே வெற்றியில் எல்லாம் திரும்பும் என்பது முழு நூறு தரும் பக்கத்துக்கு மட்டும்தான். 90 தரும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். மூன்று முறை தோற்றாயிற்று: 100, 200, 400, ஆக 700. நான்காவது 800 வைத்து ஜெயித்தால் வருவது 720. மிச்சம் 20 ரூபாய். சரி. நான்கு முறை தோற்றிருந்தால் போனது 1,500. ஐந்தாவது 1,600 வைத்து ஜெயிக்கிறீர்கள். வருவது 1,440. ஜெயித்தும் 60 ரூபாய் நட்டம். 1,600 ரூபாயைப் பணயம் வைத்து, ஜெயித்து, கைதட்டல் வாங்கி, 60 ரூபாய் குறைவோடு எழுந்து வருகிறீர்கள்.

100 தரும் பக்கத்தில் ஏழு முறை தொடர்ந்து தோற்பது ஏறக்குறைய 104க்கு ஒன்று. அபூர்வம் மாதிரி தெரியும். ஒரு ராத்திரி முழுக்க ஆடுகிறவருக்கு அது அபூர்வமே இல்லை.

வியாசர்பாடிப் பெரியவர், இரவு 7.45

60 ரூபாய்க் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தேன். சரிதான் அம்மா. இரட்டிப்பு விஷயத்தை விட்டுவிடுகிறேன்.

ஆனால் “போன ஆட்டம் சீட்டுக்குத் தெரியாது” என்று தம்பி சொன்னது கேசினோவுக்குப் பொருந்தும், மரத்தடிக்குப் பொருந்தாது. எங்கள் ஆட்டத்தில் ஒரு ஆட்டம் முடிந்ததும் உள்ளே கும்பலையும் வெளியே கும்பலையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையில் நான்கு முறை தட்டிவிட்டு வெட்டுவார்கள். ஜெயித்த சீட்டு அதன் கும்பலின் மேல் முகத்தில் இருக்கும். அது எங்கே போய் உட்கார்ந்தது என்று கண்ணால் தொடர்ந்துகொண்டே இருக்கும் ஆட்கள் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வெட்டும்போது கட்டைப் பார்க்கவே மாட்டார், விரல் நுனியில் கனம் பார்த்து வெட்டுவார். அவர் சும்மா ஜெயிக்கவில்லை.

கணக்கு டீச்சர், இரவு 8.30

ஐயா, இதில் நீங்கள் முழுக்க முழுக்கச் சரி. நான் சொன்ன எல்லாக் கணக்கும் கட்டு ஒழுங்காகக் கலைந்தது என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. கட்டை இரண்டாகப் பிரித்து, விளிம்புகளைக் கட்டைவிரலால் விட்டு, ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கலைப்பார்களே, அந்த முறையிலேயே 52 சீட்டு ஓரளவு நன்றாகக் கலைய ஏழு முறை வேண்டும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992இல் நிறுவினார்கள். உள்ளங்கையில் கொத்துக் கொத்தாகத் தட்டிக் கலைப்பது அதைவிடப் பல மடங்கு மெதுவானது. நான்கு தட்டில் பழைய வரிசையின் பெரிய துண்டுகள் அப்படியே இருக்கும்.

எனவே காசிமேட்டுத் தம்பிக்கு ஒரு யோசனை. சீட்டைத் தரையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் குழப்பிச் சேருங்கள். தார்பாயில் அதுதான் எளிது.

மணிக்கூண்டு (பழைய வண்ணாரப்பேட்டை), இரவு 9.50

எல்லோரும் ஆர்வமாகப் பேசுகிறீர்கள், இடையில் ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

என் தம்பிக்கு 24 வயது. டெலிவரி வேலை. ஒரு செயலியில் இந்த ஆட்டத்தை ஆட ஆரம்பித்தான். திரையில் ஒரு பெண் நின்று சீட்டுப் போடுவாள். முப்பது விநாடிக்கு ஒரு ஆட்டம். இரவு ஆர்டர் இல்லாத நேரத்தில் எம்.சி. ரோடு ஓரத்தில் வண்டியை நிறுத்தி ஆடியிருக்கிறான். வண்டிக்கு மாதத் தவணை கட்ட அம்மா கொடுத்த பணம், என்னிடம் வாங்கிய 15,000, அப்புறம் யார் யாரிடமோ வாங்கியது. ஐந்து மாதத்தில் வண்டியைத் தவணைக்காரர்கள் எடுத்துப் போனார்கள். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி அவன் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தான். அம்மா கீழே இறங்கவே இல்லை, விடியும்வரை அவன் பக்கத்திலேயே இருந்தார்.

இப்போது வேலைக்குப் போகிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் டீச்சரின் 2 ரூபாய் 15 காசைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். நூற்றுக்கு இரண்டு ரூபாய்தான் போகும் என்றால் இவனுக்கு எப்படி எல்லாமே போனது?

கணக்கு டீச்சர், இரவு 10.25

தம்பி, அவர் மீண்டு வந்ததே பெரிய விஷயம். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நான் அந்த எண்ணைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். 2 ரூபாய் 15 காசு என்பது கையில் இருக்கும் பணத்தில் போவதல்ல. வைக்கிற ஒவ்வொரு நூறிலும் போவது. முப்பது விநாடிக்கு ஒரு ஆட்டம் என்றால் மணிக்கு 120 ஆட்டம். நூறு நூறாக வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் 12,000 ரூபாய் பந்தயம் ஓடிவிடுகிறது. அதில் சராசரியாக 258 ரூபாய் போகும், மற்றப் பக்கம் வைத்தால் 360. கையில் இருந்தது 2,000 ரூபாய்தான் என்றால் ஏழெட்டு மணி நேரத்தில் அது கரைந்துவிடும். போனதைப் பிடிக்கத் தொகையைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம். மரத்தடியில் கலைத்து, வெட்டி, சண்டை போட்டு, டீ குடித்து ஒரு ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் ஆகும். அந்தத் தாமதமே ஒரு பாதுகாப்பு. செயலியில் அது இல்லை.

கப்பல் டீலர், இரவு 11.00

மணிக்கூண்டு நண்பரே, நான் அந்த வேலையை விட்டதற்கும் இப்படிப்பட்ட முகங்களைப் பார்த்ததுதான் காரணம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குக் குழப்பம் இருக்கிறது. கோவாவில் 1976ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தித்தான் கப்பலில் மேஜை ஆட்டங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த அனுமதி அங்கே மட்டும்தான். சென்னையில் காசு வைத்து ஆட இடம் நடத்தினால் 1888ஆம் ஆண்டு மாநகரப் போலீஸ் சட்டமே போதும். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சிலர் மங்காத்தாவுக்கும் இழுப்பார்கள். பொருந்தாது. ரம்மியில் எதை எடுப்பது, எதைக் கழிப்பது என்று ஒவ்வொரு கையிலும் முடிவெடுக்கிறோம். மங்காத்தாவில் காசை வைத்த பிறகு செய்ய ஒன்றுமே இல்லை. செயலியில் பணம் கட்டி ஆடுவதைப் பொறுத்தவரை, 2025இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற வித்தியாசமே பார்க்காமல் தடை செய்கிறது. இப்போதும் குறுஞ்செய்தியில் லிங்க் வந்தால் தொடாதீர்கள்.

கல்மண்டபத்தான், இரவு 11.20

அண்ணா, ஒரு சந்தேகம். ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டமாக 1–5, 6–10, 41க்கு மேல் என்று போட்டிருந்ததே, 41க்கு மேல் வந்தால் 120 மடங்கு என்று பார்த்தேன். அது என்ன?

கப்பல் டீலர், இரவு 11.34

அது எத்தனையாவது சீட்டில் ஆட்டம் முடியும் என்பதற்கான பக்கப் பந்தயம். மேஜைக்கு மேஜை விகிதம் மாறும். 120 என்பது நீங்கள் வைத்த பணத்தையும் சேர்த்தா இல்லையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே இரவில் இரண்டு முறை 41ஐத் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன், பத்து நாள் ஒருமுறைகூட வராமல் இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கணக்கு டீச்சர், காலை 6.50

முதல் ஐந்து சீட்டுக்குள் முடிவது நூற்றுக்கு 27. நாற்பது சீட்டைத் தாண்டுவது 126க்கு ஒன்று. வைத்த பணத்தையும் சேர்த்து 120 மடங்கு என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 5 ரூபாய் போகும். பெரிய எண்ணைக் காட்டும் கட்டம் 90 தரும் பக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் தின்கிறது.

வலைக்கூடம், காலை 9.15

டீச்சர், பெரியப்பா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். நம் ஆட்டத்தில் சீட்டைத் திறப்பதில்லை, வாயால்தான் சொல்கிறோம். அப்படியானால் கட்டில் 52 சீட்டும் இருக்கிறது, நான்கு ஏழும் இருக்கிறது. அப்போதும் 51.5 தானா?

கணக்கு டீச்சர், மாலை 4.40

பெரியப்பாவைப் பாராட்டுகிறேன். இதை நான் தவறவிட்டேன், இத்தனை பேர் பேசியும் யாரும் கேட்கவில்லை.

இல்லை, மாறும். பொருந்தும் சீட்டு கூடினால் ஆட்டம் சீக்கிரம் முடியும். ஆட்டம் சீக்கிரம் முடியும்போது முதலில் நிற்கிறவருக்கு ஆதாயம் கூடும். 52இல் நான்கு என்று கணக்குப் போட்டால் முதல் பக்கத்துக்கு 51.98, மறுபக்கத்துக்கு 48.02. கேசினோவில் இடைவெளி 3, உங்கள் வலைக்கூடத்தில் ஏறக்குறைய 4. அதுவும் நீங்கள் இரண்டு பக்கத்துக்கும் சமமாகக் கொடுக்கிறீர்கள். அப்படியென்றால் எப்போதும் உள்ளே வைக்கிறவர் நூறு கொட்டைக்கு நான்கு கொட்டை லாபத்தில் இருக்கிறார். அதைக் கொடுப்பது கட்டு போடுகிறவர். உங்கள் கூடத்தில் கட்டு போடுவது யார்?

வலைக்கூடம், மாலை 4.52

பெரியப்பாதான். வருடக்கணக்காக அவர்தான்.

வியாசர்பாடிப் பெரியவர், மாலை 5.30

தம்பி, இதற்கு எங்கள் காலத்தில் ஒரு வழி வைத்திருந்தோம். ஒரு ஆட்டம் உள்ளே தொடங்கினால் அடுத்த ஆட்டம் வெளியே தொடங்கும். ஆனால் அது தெரிந்துவிட்டால் தொடங்கும் பக்கத்திலேயே வைப்பார்கள். அதைவிடக் கப்பல் தம்பி சொன்ன நிறம் பார்க்கிற முறை நல்லது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சீட்டைத் திறக்கும் முன்னாலேயே கொட்டையை வைத்துவிட வேண்டும். அப்புறம் திறந்து, கறுப்பா சிவப்பா என்று பார்த்துப் போடுங்கள்.

கணக்கு டீச்சர், மாலை 6.05

ஐயா சொன்னது கச்சிதம். 26 கறுப்பு, 26 சிவப்பு. வைக்கும்போது எது முதல் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. அப்போது இரண்டு பக்கமும் சரியாகப் பாதிப் பாதி, யாரிடமும் பத்து ரூபாய் உருவ வேண்டியதில்லை.

வலைக்கூடம், மறுநாள் மாலை 6.30

இன்று புது முறையில் ஆடினோம். தார்பாயில் பரப்பிக் குழப்புவதற்கே பையன்களுக்குள் போட்டி. கொட்டை வைத்த பிறகு பெரியப்பா ஒரு சீட்டைத் திறந்து தலைக்கு மேல் தூக்கிக் காட்டி “கறுப்பு, உள்ள மொதல்” என்று கத்துவார், அப்புறம்தான் போடுவார். மூன்று மணிக்கு உட்கார்ந்தவர்கள் ஐந்தரை வரை ஒரு சண்டைகூட இல்லாமல் ஆடினார்கள்.

டீச்சரிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் சித்தப்பா பையன் சீட்டை எண்ணினான். 51தான் இருந்தது. இன வாரியாகப் பிரித்துப் பார்த்தால் கிளாவர் நாலைக் காணோம். எப்போதிருந்து இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை, போன தடைக்காலத்திலும் இதே கட்டில்தான் ஆடினோம். கல்மண்டபத்துக்கு ஆள் அனுப்பிப் புதுக் கட்டு வாங்கி வந்தோம்.

கணக்கு டீச்சர், இரவு 7.15

அப்படியானால் இத்தனை நாளும் உங்கள் கூடத்தில் யாராவது ‘நாலு’ என்று சொன்னபோதெல்லாம் 51 சீட்டில் மூன்று. அச்சாகக் கேசினோக் கணக்கு, 51.5.

வலைக்கூடம், இரவு 7.40

பெரியப்பாவிடம் சொன்னேன். பழைய கட்டைத் தூக்கிப் போடக் கூடாது என்று வாங்கித் தன் துணிப்பையில் வைத்துக்கொண்டார். புதுக் கட்டைப் பிரித்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். 52 வந்த பிறகுதான் வெட்டக் கொடுத்தார்.